அழுமூஞ்சி வரைந்தவள்

அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் பிடாரி. நேரில் வந்தால் மேடம். அடங்காப்பிடாரி என்பதில் பாதியை மரியாதைக்காக விழுங்கிவிட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஒரு செல்போன் செயலிக்குத் திரைகளை வரைவது அவள் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவள். பலகையில் ஓர் எழுத்து பிசகினால் தெருவே நின்று சிரிக்கும். அந்தப் பயம் இன்னும் அவள் விரலில் இருந்தது.

செயலியைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியபோது மேலாளர் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றுதான். திரையில் ஒரு வட்டம் விரிந்து சுருங்கும். அதில் விரலை வைத்தபடி ஒன்பது நிமிடம் மூச்சு விட வேண்டும். முடித்தால், விடாமல் செய்த நாட்களைக் காட்டும் எண்ணில் ஒன்று கூடும். நடுவில் விரலை எடுத்தால் 'இன்று தோற்றுவிட்டீர்கள்' என்று சின்ன எழுத்தில் வரும். அந்தச் சின்ன எழுத்து போதாதாம். திரை முழுக்கச் சிவக்க வேண்டும், ஓர் அழுமூஞ்சி வர வேண்டும், எண் பூஜ்யமாக வேண்டும்.

"கொஞ்சம் குத்தினாதான் மனுஷனுக்குப் புத்தி வரும். என்னைப் பாருங்க, இருநூத்திப் பன்னிரண்டு நாள். ஒரு நாள் தவறல" என்று தன் போனை எல்லோர் மூக்குக்கு முன்னாலும் நீட்டினார்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டின் ரகசியம் ஊரறிந்தது. சோதனை செய்வதற்காக அலுவலகப் போன்களில் மட்டும் 'தாவு' என்றொரு பொத்தான் உண்டு. தொட்டால் ஒன்பது நிமிடமும் ஒரே நொடியில் முடிந்துவிடும். நாட்டுக்கே மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும் அந்த மாடியில் ஒருவர்கூட ஒரு முழுப் பயிற்சி செய்ததில்லை. எல்லோரும் தாவினார்கள். அவளும்தான்.

அவள் கணவரின் போனில் தாவு இல்லை. வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் இருபது வருடம் நின்றதில் நெஞ்சு கெட்டுப்போன மனிதர். தினமும் மூச்சுப் பயிற்சி செய்யாவிட்டால் மாடிப்படி ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெண்டாட்டி வரைந்த செயலியாயிற்றே என்று ஆசையாகத்தான் ஆரம்பித்தார். ஏழு எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொன்ன இடத்தில் இருமல் வந்தது. தோற்றுவிட்டீர்கள் என்றது போன். நான்கு நாளும் அதே இருமல், அதே பேச்சு. ஐந்தாம் நாள் செயலியை அழித்துவிட்டார்.

"நாப்பத்தொம்பது வருஷமா மூச்சு விட்டுட்டுதான் இருக்கேன். நேத்து வந்த டப்பா எனக்கு மார்க் போடுதா?"

"பாதியில நிறுத்தினாலும் பரவாயில்லைங்க. மறுபடி செஞ்சு பாருங்க."

"பரவாயில்லைன்னு நீ சொல்ற. அது சொல்லலையே."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வாசகத்தைத் திரையில் வைத்தவளே அவள்தான். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

மறுநாள் மேலாளரிடம் போனாள். தோல்வியைத் தூக்கிவிட்டு 'போதும்' என்று ஒரு பொத்தான் வைக்கலாம், எப்போது தொட்டாலும் 'சரி, நாளை பார்க்கலாம்' என்று சொல்லட்டும் என்றாள்.

"போதும்னு ஒண்ணு வெச்சா எல்லாரும் அதையேதான் தொடுவாங்க. சொன்னதை வரைங்க மேடம்."

வரைந்தாள். வஞ்சனையில்லாமல் வரைந்தாள். பிதுங்கிய உதடு, இரண்டு பக்கமும் கண்ணீர், பார்த்தவுடன் ஓங்கி ஓர் அறை விடத் தோன்றும் மூஞ்சி. பிறகு செயலிக்கு நிரல் எழுதும் பெண்ணின் மேசைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, 'தாவு' பொத்தானை எடுக்கவைத்தாள்.

நிறுவனத்தின் சொந்தக்காரி புதிய வடிவத்தைப் பார்க்க வந்த காலையில் ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"சார் கேட்ட மாதிரியே செஞ்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு, இன்னிக்கு யாருக்கும் தாவு கிடையாது. எல்லாரும் முழுசா மூச்சு விடணும்" என்றாள்.

"எனக்கென்ன பயம்?" என்று மேலாளர் விரலை வைத்தார்.

முதல் சுற்றைக் கடந்தார். இரண்டாவதில் முகம் சிவந்தது. மூன்றாவதில் ஐந்து எண்ணும்போதே இருமல் பீறிட்டுக்கொண்டு வர, கை தானாக வாய்க்குப் போனது. போன் சிவந்தது. அழுமூஞ்சி எட்டிப் பார்த்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பூஜ்யமானது. அவருக்கு முன்பே சொந்தக்காரியின் போன் சிவந்திருந்ததை யாரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"இருமல் வந்துச்சுங்க! இருமினா தோல்வியா? இது என்ன அக்கிரமம்?"

"நீங்க சொன்ன அக்கிரமம்தான் சார். நான் வரைஞ்சதோட சரி."

மேலாளர் நிரல் எழுதும் பெண்ணின் பக்கம் திரும்பினார். "பழைய எண்ணைத் திருப்பிப் போடும்மா." அந்தப் பெண் பிடாரியைக் கைகாட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் இந்தப் பக்கம் திரும்பினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, "அக்கா, போடச் சொல்லுங்க அக்கா" என்றார்.

அவள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இருமல்தான் வந்துச்சு. அவருக்குத் திருப்பிப் போட யாரும் இல்லை. அந்த மூஞ்சியை எல்லாருக்கும் எடுங்க, உங்களுக்கும் எடுக்கறேன். முடியாதுன்னா வேற ஆளை வெச்சு வரைஞ்சுக்கோங்க. நான் கிளம்பறேன்."

சொந்தக்காரி தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உட்காருங்க. முதல்ல எனக்கு எடுங்க. பார்க்கவே பத்திக்கிட்டு வருது."

மதியத்துக்குள் 'போதும்' பொத்தானுக்கு மேலாளரின் ஒப்புதல் வந்துவிட்டது. ஒரே வரி. அதில் மேடமும் இல்லை, அக்காவும் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை புதிய செயலியைக் கணவரின் போனில் ஏற்றினாள். கடித்த நாயைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு விரலை வைத்தார். மூன்றாவது மூச்சில் இருமல் வந்தது. 'போதும்' தொட்டார். 'சரி, நாளை பார்க்கலாம்' என்றது. இன்னும் ஏதோ வரும் என்று அவர் காத்திருந்தார்.

"அவ்வளவுதானா? திட்டலையே."

"திட்டிப் பார்க்கட்டும்" என்றாள் பிடாரி.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வட்டத்தின்மேல் மறுபடியும் விரலை வைத்தார்.