ஆயிரத்து இருநூற்று அறுபதில் ஒரு மேடு

கருவியின் மூடியைத் திறக்கும் முன் ஆர்லீன் ஹௌகன் மூச்சை நிறுத்திக்கொள்கிறார். இடுக்கியால் உலோகத் தகட்டை உள்ளே வைத்து, மூடியை அழுத்தி, நான்கடி பின்னால் நகர்ந்த பிறகுதான் மூச்சு விடுகிறார். நாம் வெளியே விடும் ஈரமும் கரியமில வாயுவும் பெட்டிக்குள் புகுந்தால் வரைபடம் கெட்டுப்போகும். அப்புறம் வறண்ட நைட்ரஜன் அரைமணி ஓடி, உள்ளே இருக்கும் காற்றைத் துரத்த வேண்டும். அந்த அரைமணியும் அவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

மின்னசோட்டாவின் ஜனவரியில் எல்லோருக்கும் கை வெடிக்கும். அறுபத்தொரு வயது ஆர்லீனுக்கு விரல் மடிப்புகளில் ரத்தமே கட்டியிருக்கும். ஆனாலும் க்ரீம் தடவமாட்டார். அறைக்குள் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்ப்பார். "தலைக்கு என்ன போட்டே இன்னிக்கு? அங்கேயே நில்லு கண்ணு." பக்கத்து அறையில் நுண்நோக்கியோடு பதினோரு வருடமாக இருக்கிற நானும் அந்த வாசலில் நிறையத் தடவை நின்றிருக்கிறேன். மதியச் சாப்பாட்டைக்கூட அவர் கட்டடத்துக்குள் சாப்பிடுவதில்லை. வெளியே மைனஸ் இருபது என்றாலும் காருக்குள் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காட்டரிசி சூப் குடித்துவிட்டு வருவார். சூப் எப்படி என்று கேட்டால் "மோசமில்ல" என்பார். சொந்த மகளின் கல்யாணத்துக்கும் அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

எங்கள் கம்பெனி இதயத்துக்கான சிறு பம்புகளுக்கு டைட்டேனியத் தகடுகள் செய்து, பம்புகளாகவே பூட்டி அனுப்புகிறது. ரத்தம் உறையாமலிருக்க தகடுகளின் மேல் ஒரு படலம் பூசுவார்கள். ஒரு தலைமுடியைப் பத்தாயிரமாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவோ அவ்வளவுதான் அதன் கனம். நுண்நோக்கிக்கே அது தெரியாது. ஆர்லீன் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் தகட்டோடு படுத்தாற்போல் சாய்த்து அனுப்புவார். தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியில் எந்த இடத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஓர் இடத்தில் ஒளியைத் தின்னும். அந்தக் குறை திரையில் மேடாக எழும். தகடுகள் தொகுதி தொகுதியாக வரும். ஒன்றுவிட்டு ஒன்றுதான் அவரிடம் போகவேண்டும் என்பது விதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, இருக்கக்கூடாத ஓரிடத்தில் ஒரு மேடு எழுந்தது. திரையின் அடியில் ஓடும் எண்களில் ஆயிரத்து இருநூற்று அறுபது. கடுகளவுதான்.

"சிலிகோன்," என்றார் ஆர்லீன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

கைக்கும் தலைக்கும் போடும் க்ரீம்களில் கலந்திருக்கும் வழுக்கலான பொருள் அது. அதன் மேல் எதுவும் ஒட்டாது. படலம் அதன் மேல் உட்கார்ந்திருந்தால், ஓடும் ரத்தம் ஒருநாள் அதைப் பிய்த்தெடுக்கும். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போகும்.

மேலாளர் டுவைட் சீலி வந்தார். முப்பத்தெட்டு வயது, கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். திரையைப் பார்த்ததுமே சொன்னார்: "கழுவுற இடத்துல யாரோ க்ரீம் போட்ட கையால தொட்டிருக்காங்க. காரணம் தெரியற வரைக்கும் அங்க இருக்கிற நாலு பேரையும் வேலையிலேருந்து நிறுத்திடலாம்."

பூச்சுக்கு முன் தகடுகளைக் கழுவும் மேசையின் பொறுப்பாளர் மாய் சீ வாங் கதவோரம் கைகட்டி நின்றிருந்தார். "என் ஆளுங்க யாரும் வெறும் கையால தொடமாட்டாங்க," என்றார்.

"இதை நீங்க எப்படி உறுதியா சொல்ல முடியும்?"

"டுவைட்," என்றார் ஆர்லீன், "மேடு இருக்குன்னுதான் இது சொல்லுது. யாரு வச்சாங்கன்னு சொல்லல. எனக்கு மூணு மணி நேரம் குடு. என் கருவியே அழுக்கா இருக்கலாம், முதல்ல அதைப் பாக்கறேன்."

கருவி சுத்தமாக இருந்தது. தங்கம் பூசிய நான்கு கண்ணாடிச் சில்லுகளை எடுத்துக்கொண்டு போய் கழுவும் மேசை, தள்ளுவண்டி, உலர்த்தும் அலமாரி, பொட்டலம் கட்டும் மேசை என்று இடத்துக்கொன்றாக வைத்தார். காற்றில் எது மிதந்தாலும் தங்கத்தில் படியும். ஒரு மணி நேரம் கழித்து நான்கையும் எடுத்து வந்தார். முதலில் கழுவும் மேசையின் சில்லு. மாய் சீ போகாமல் நின்றார். அரைமணி கழித்துத் திரையில் கோடு வரையத் தொடங்கி, ஆயிரத்து இருநூற்று அறுபதைத் தட்டையாகத் தாண்டிப் போயிற்று.

"உன் இடம் மோசமில்ல," என்றார் ஆர்லீன். மாய் சீ கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

தள்ளுவண்டியும் தட்டை. மூன்றாவது, உலர்த்தும் அலமாரி. மேடு எழுந்தது, காலையில் கண்டதைவிட மும்மடங்கு.

ஆர்லீன் என்னையும் அழைத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார். கதவின் விளிம்பில் புது ரப்பர். எழுபது டிகிரி சூட்டில் அதிலிருந்து சிலிகோன் ஆவியாகக் கசிந்துகொண்டிருந்தது. மாற்றங்களின் கோப்பைப் பிரித்தோம். பதினோரு நாளுக்கு முன் பழைய ரப்பரை எடுத்துவிட்டு இந்த வகையைப் போட்டிருக்கிறார்கள். அனுமதிக் கையெழுத்தைப் பார்த்தேன். உடனே அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"நான்தான்," என்றார். "வெள்ளிக்கிழமை. எட்டுத் தாள் கொண்டுவந்தாங்க. ஏழுதான் படிச்சேன். எட்டுலயும் கையெழுத்துப் போட்டேன்."

அப்புறம்தான் அவர் முகம் வெளுத்தது. பதினோரு நாள் என்றால் நடுவில் இன்னொரு தொகுதி உலர்ந்திருக்கிறது. அவரிடம் வராத தொகுதி. நான்கு பம்புகளாக அது ஃபார்கோவில் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டது. டுவைட்டின் கணினியில் தேடினோம். முதல் பம்பு பொருத்தும் நாள் இன்று, நேரம் பன்னிரண்டு. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

"ஒரு ரப்பருக்காக ஆபரேஷனை நிறுத்தச் சொல்றதா?" என்றார் டுவைட். "அந்தத் தொகுதியை நீங்க அளக்கவே இல்ல, ஆர்லீன். நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ஒருத்தருக்கு ஆபரேஷன் ஒருநாள் தள்ளிப்போகும். சரியா இருந்தா?"

டுவைட் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

மூன்று கை மாறி அறுவை அரங்கின் தாதி பேசினார். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"ஆளுக்கு மயக்கமருந்து குடுத்தாச்சு. என்ன விஷயம்?"

"பம்பு எங்க இருக்கு?"

"ட்ராலியில."

"பெட்டியோட சீல் உடைச்சாச்சா?"

"இருங்க, பாக்கறேன்."

நான்கு நிமிடம். டுவைட் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். ஆர்லீன் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார். பிடித்த இடத்தில் விரல் வெடிப்பு திறந்து ரத்தம் கசிந்ததை அவர் கவனிக்கவில்லை.

"உடைக்கல," என்றது குரல். "கத்தியும் இன்னும் வைக்கல. டாக்டர் கேக்கறார், நிறுத்தணுமா?"

"நிறுத்துங்க. நாலு பெட்டியையும் தனியா எடுத்து வைங்க. பழைய தொகுதியிலேருந்து வேற பம்பு இன்னிக்கே கார்ல வரும்."

மாய் சீயே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அறுவை நடந்து, நல்லபடி முடிந்ததாகச் சொன்னார்கள். நோயாளி யாரென்று எங்களுக்குத் தெரியாது, ஒருபோதும் தெரிவதில்லை. திரும்பி வந்த நான்கு பம்புகளையும் பிரித்து ஆர்லீன் அளந்தார். நான்கிலும் மேடு இருந்தது.

அறிக்கையை டுவைட் எழுதிக் கொண்டுவந்தார். 'பிழையைக் கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் ஆர்லீன் ஹௌகன் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, 'மாற்றத்தை அனுமதித்தவர்' என்ற கட்டம் காலி.

"பகுதியோட பேரை மட்டும் போட்டா போதும்," என்றார் டுவைட், தாழ்ந்த குரலில். "யாரும் கேக்கமாட்டாங்க. இன்னும் நாலு வருஷத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க."

ஆர்லீன் டுவைட்டின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். மேல் கட்டத்தை ஒருமுறை பார்த்து, அதே அளவு எழுத்தில் கீழ்க் கட்டத்திலும் தன் பெயரை எழுதி, மை காயும்வரை தாளை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.