வெள்ளைக் கூடு கட்டிய புழு

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரண்டு கவலைகள். ஒன்று என் கண். இன்னொன்று, நான் பிடித்து வைத்திருந்த முப்பத்தேழு பூச்சிகளும் பெண்ணாக இருந்தது.

அவை கேடிஸ் பூச்சிகள். பார்த்தால் அந்துப்பூச்சி என்பார்கள், ஒரு அரிசி நீளம், சிறகில் செதிலுக்குப் பதிலாக மயிர். இதன் புழு ஆற்றுக்கு அடியில் வாழும். வாயிலிருந்து வரும் பட்டால் மணலை ஒட்டி ஒரு குழல் கட்டிக்கொண்டு, அதை இழுத்தபடியே திரியும். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் இதை இரண்டு வரியில் கடந்துவிடுவேன். ஓய்வுக்குப் பிறகு வெள்ளாற்றில் பிடித்த ஒன்றை, கால் முட்களை எண்ணி, சிறகு நரம்பின் கிளைகளை எண்ணி, கிடைத்த எல்லா விளக்கங்களோடும் ஒப்பிட்டேன். எதிலும் சேரவில்லை. ஆனால் புது இனம் என்று சொல்ல ஆண் வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஆணின் வால்முனையைப் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். பெண்களை வைத்துக்கொண்டு ஒன்றும் நிரூபிக்க முடியாது.

சாயங்காலம் கரையில் வெள்ளைத் துணி கட்டி, பேட்டரியில் ட்யூப்லைட் எரியவிட்டால் பூச்சிகள் வந்து உட்காரும். ஒயர் கட்டித் தந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். மின்சார வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கை இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கும் சாயங்காலத்தில் போக ஓர் இடம் வேண்டியிருந்தது.

"இதுவும் பொண்ணா?" என்பார்.

"பெண்தான்."

"ஆம்பள பூச்சில்லாம் சிங்கப்பூருக்குப் போயிருக்கும் மச்சான். பணம் அனுப்பும், வராது."

விளக்குக்கு ஆண் வராது என்று தெரிந்ததும், புழுவைக் கொண்டுவந்து வீட்டிலேயே வளர்த்துப் பார்க்க முடிவு செய்தேன். சுனாமிக்கு மூன்றாம் வருஷம், தை கடைசி. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் அவருடைய சொந்த ஊரை ஒட்டி ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுப் பக்கம் கிடைத்த புழுக்களின் கூடு பழுப்பு மணல். மயானத்துப் படித்துறைக்குக் கீழே கிடைத்தவற்றின் கூடு சுத்த வெள்ளை. கூட்டிலேயே ஒரு அடையாளம் இருக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி. வெள்ளைக் கூடுகளில் பதினொன்றை எடுத்துச் சிதம்பரம் வந்தேன். மீன் தொட்டியில் ஆற்றுக்கல் இரண்டு, அடியில் எங்கள் தெருவில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல், மேலே கொசுவலை, ஒரு காற்று பம்ப்.

வெள்ளை என்ன என்று பார்க்க வேண்டுமே. கழன்று விழுந்த ஒரு துணுக்கின் மேல் அமிலச் சொட்டு விட்டேன். கிளிஞ்சலாக இருந்தால் பொங்கியிருக்கும். பொங்கவில்லை. வெள்ளைக் கல்லாக இருந்தால் ஊசியில் கீறல் விழாது. கீறல் விழுந்தது. உருப்பெருக்கியில் வைத்தேன். துணுக்கு முழுவதும் நுண்ணிய துளைகள், ஒரே திசையில். இந்த அமைப்பை முப்பது வருஷம் மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். எலும்பு. வெந்த எலும்பு.

தங்கையின் எலும்பைப் பொறுக்கி, பால் தெளித்து, அந்தப் படித்துறையில்தான் கரைத்தோம். மண்சட்டியை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம்.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் வந்தவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். சொன்னேன். அவர் தொட்டியருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஊரே அங்கதான் கரைக்குது மாப்ளே. யாரோட எலும்போ."

"யாரோடதோ இருக்கட்டும். அவளோடதும் இருக்கும்ல?"



அவர் வீடும் சிதம்பரத்தில்தான். அதன் பிறகு தினமும் வந்தார். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பம்ப் நின்றால் ஓடும் தண்ணீரில் பழகிய புழு மூச்சுத் திணறிச் செத்துவிடும். அவர் பேட்டரியை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து பம்ப்பை ஓட்டுவார், கரண்ட் வந்த பிறகும் போகமாட்டார். தொட்டியோடு மெதுவாகப் பேசுவார். என்ன பேசினார் என்று நான் காது கொடுக்கவில்லை. அவர் பேசும்போது புழுக்கள் கண்ணாடிப் பக்கமாக வந்து நின்றதை மட்டும் பார்த்தேன். விளக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதனால் இருக்கலாம்.

வெள்ளை நிறம் இனத்தின் குணமா, அகப்பட்டதை வைத்துக் கட்டுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மொட்டை ஊசியால் பின்புறமிருந்து மெல்லத் தள்ளினால் புழு கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். பிறகு புதிதாகக் கட்டும். ஒன்றைத் தள்ளி வெளியேற்றினேன். சாயங்காலத்துக்குள் அது தெரு மணலால் அரைக் கூடு கட்டியிருந்தது. வெள்ளை நிறம் இனத்தின் குணம் இல்லை, மேட்டுப் பக்கத்துப் புழுவும் இதுவும் ஒன்றே என்று குறித்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் மணல் அரைக்கூடு தனியே கிடந்தது. பழைய கூட்டைப் பிரித்து, அதே வெள்ளைத் துணுக்குகளை எடுத்து, அந்தப் புழு மறுபடி கட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைய மணல் கிடந்தது. முந்தைய நாள் குறித்ததை அடித்துவிட்டேன்.

கரண்ட் போய்ச் செத்தவை போக மாசியில் இரண்டு புழுக்கள் மிஞ்சின. ஆற்றில் தண்ணீர் நின்றுபோயிருந்தது, இன்னும் பிடிக்க வழியில்லை. அந்த இரண்டில் ஒன்று கூட்டின் இரண்டு வாயையும் அடைத்துக் கல்லில் ஒட்டிக்கொண்டது. இரண்டு வாரத்தில் பூச்சியாகி வெளியே வரும். ஸ்பிரிட் பாட்டிலை மேசையில் தயாராக வைத்தேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். "வந்ததும் இதுல போட்டுடுவீங்களா?"

"போட்டால்தான் மாப்ளே பெயர் வைக்க முடியும்."

"பேரு இருக்குல்ல," என்றார்.

பூச்சி வந்த சாயங்காலம் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கொசுவலை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அவர் உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வலைய முட்டிக்கிட்டே இருந்துச்சு மச்சான். கேக்க முடியல. நவுத்திட்டேன்."

"மீசை எவ்வளவு நீளம் இருந்தது? ஆணுக்குத்தான் நீளமாக இருக்கும்."

"அதெல்லாம் பாக்கல. நேரா கையில வந்து ஒக்காந்துச்சு. ரொம்ப நேரம். அப்பறம் ஜன்னல் வழியா போயிடுச்சு."

நான் ஜன்னலுக்கு ஓடினேன். தெரு விளக்கு எரியவில்லை. நான்கு வருஷமாகத் தேடியது கைக்குக் கிடைத்துக் கை தாண்டிப் போயிருக்கலாம் என்பதுதான் மனதில் அடித்துக்கொண்டது. பூச்சி உரித்த தோல் தண்ணீரில் மிதந்தது. ஊசியில் எடுத்து உருப்பெருக்கியில் வைத்தேன். வால்முனையில் இரண்டு ஜோடி மடல்கள். பெண்ணுக்கு அவை கிடையாது. என் கண்ணை நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "இன்னா மச்சான், பொண்ணுதான?"

அறுபது வயதில் மனைவியைப் பறிகொடுத்து, ஒரு மாதத்துக்கு மேலாக என் வீட்டு மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர்.

"நாம பிடிச்சதெல்லாம் பெண்தானே," என்றேன்.

தலையாட்டினார். ஒயரைச் சுருட்டி, பேட்டரியை வண்டியில் ஏற்றினார். "நாளைக்கும் கரண்ட் போவும். வரட்டா?"

நான் தொட்டியைப் பார்த்தேன். மிஞ்சிய ஒரே புழு கல் மேல் ஏறி, காலியான வெள்ளைக் கூட்டின் முன் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு துணுக்கைக் கடித்து எடுத்துத் தன் வாயோரம் பொருத்திக்கொண்டது. பிறகு இன்னொன்று.

"வாங்க மாப்ளே," என்றேன்.