மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. நாலடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஒரு வரிசைப் பொத்தான். நாள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்குகிறவளுக்குத் தன் பல்லை மட்டும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை, பாவம்.

ஐந்து மாத வயிறு. கடைவாய்ப்பல்லில் சீழ். கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது.

மூன்றாம் மாடிப் பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "வயித்துல புள்ள இருக்கேம்மா. முதல் மாடி டாக்டரம்மாகிட்ட லெட்டர் வாங்கிட்டு வா."

பிரசவ டாக்டரம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இதுக்கு எதுக்கு லெட்டரு? தாராளமா பண்ணலாம்னு போய்ச் சொல்லு."

சொன்னாள். "எழுத்துல வேணும்மா," என்றார் பல் டாக்டர்.

வீட்டில் மாமியார். "பல்லுவலியில யாரும் செத்ததில்ல. மரத்துப்போற ஊசியப் போட்டுப் புள்ளையும் மரத்துப்போச்சுன்னா? பெத்துட்டுப் பாத்துக்கலாம்." புருஷன் அம்மா முகத்தைப் பார்த்தான். டிவி சத்தத்தைக் கூட்டினான்.

இப்படியே பதினைந்து நாள். அன்று காலை உடம்பு அனலாய்க் கொதித்தது. புள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் வேலைக்கு வந்தாள். லிஃப்ட் கதவைச் சாத்தப் போனபோது பல் டாக்டர் உள்ளே வந்தார். முதல் மாடியில் டாக்டரம்மா ஏறி, "அஞ்சு" என்றார்.

இரண்டைத் தாண்டியதும் லிஃப்டக்கா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி குலுங்கி நின்றது.

"என்னாச்சு, ரிப்பேரா?"

"இல்லங்க டாக்டர். நீங்க ரெண்டு பேரும் என் பல்லப் பத்திப் பேசி முடிச்சதும் கெளம்பிரும்."

டாக்டரம்மா அவள் நெற்றியைத் தொட்டார். முகம் மாறியது. "காய்ச்சல் எப்பலேர்ந்து?"

"விடியக்காலையிலேர்ந்து."

"டாக்டர், அஞ்சாம் மாசம், பல்லெடுக்க ஏத்த நேரம். மரத்துப்போற ஊசி புள்ளைய ஒண்ணும் பண்ணாது. சீழு பரவினாதான் வினை. இன்னிக்கே எடுத்துவிடுங்க."

"இத ஒரு தாள்ல எழுதியிருக்கலாமே."

"நீங்க ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே."

லிஃப்டக்கா சிவப்புப் பொத்தானை விடுவித்தாள். பெட்டி மேலே கிளம்பியது. மூன்றில் பல் டாக்டரோடு அவளும் இறங்கினாள்.

"அப்ப லிஃப்ட யாரு ஓட்டறது?" என்றார் டாக்டரம்மா.

"அஞ்ச அழுத்துங்க டாக்டர். அதுவே போயிரும்."

நாற்காலியில் சாய்ந்தாள். ஊசி இறங்கியது. கீழே யாரோ லிஃப்டுக்கு மணியடித்துக்கொண்டே இருந்தார்கள். பழக்கதோஷம், எழப் பார்த்தாள். டாக்டர் தோளை அழுத்தினார். கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, மாமியார் சொன்னது காதில் ஓட, வயிற்றையே கவனித்துக்கொண்டு கிடந்தாள்.

கன்னம் கட்டையாய் மரத்துப்போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், வயிற்றுக்குள்ளே நறுக்கென்று ஓர் உதை.