கிளம்பிக்கொண்டே இருந்த விண்கலம்

கல்லூரி நாட்களில் அந்த விண்வெளிப் படத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போத்தனூருக்குக் கடைசி பஸ் பிடித்தவன் நான். கதாநாயகன் பூமிக்குத் திரும்பினானா என்று தெரியாமலே எனக்குக் கல்யாணமும் ஆகி, முன்வழுக்கையும் விழுந்துவிட்டது. தொண்ணூறுகளில் ஒருவழியாக அதன் வீடியோ கேசட் வாடகைக்குக் கிடைத்தது. மாலைக்குள் திருப்பித் தர வேண்டும்.

விண்கலம் கிளம்பியதும் மாமனார் வந்தார். வந்தவருக்குப் பாதியிலிருந்து காட்டுவது மரியாதையில்லை என்று மனைவி படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். கலம் மறுபடி கிளம்பியபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

“வாங்க, உக்காருங்க, இப்பத்தானுங்க ஆரம்பிச்சுது” என்று கூசாமல் சொன்ன மாமனார், என் பக்கம் திரும்பினார். “ஏனுங் மாப்ளை, வந்தவங்களுக்கு மொதல்ல இருந்து போடறதில்லீங்களா?”

போட்டேன். வேற்றுக்கிரகம் கண்ணில் படும்போது மாலையாகிவிட, கேசட் கடைக்காரர் மொபெட்டில் வந்து வாசலில் நின்றார். கேசட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, முடிவு தெரியாமல் போனதே என்று புலம்பினேன்.

“நான் தியேட்டர்லயே முழுசாப் பாத்துட்டனுங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “எனக்காகத் திருப்பிப் போடறீங்க, வேண்டாம்னு சொன்னா நல்லாருக்குங்களா?”

“சரிங்க, முடிவு என்னங்க?”

“அதச் சொல்லிப்போட்டா, நாளைக்கு நீங்க பாக்கறப்போ சுவாரசியம் போயிருமுங்க” என்று அன்பாகச் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.