மலேயாப் பிரம்பு இழுத்த தேர்

மலேயாவிலிருந்து கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கிய மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ரேடியோ கொண்டுவருவார் என்று தெருவே காத்திருந்தது. மனுஷன் வண்டி நிறையப் பிரம்புச் சுருளோடு வந்து நின்றார். எங்களுக்குப் பிரம்பென்றால் வாத்தியார் கையில் இருப்பது ஒன்றுதான். பிள்ளைகள் மூலைக்கொருவராக ஓடிவிட்டோம். "கடல் தாண்டிப் போயி வாத்தியாருக்கா வாங்கிட்டு வந்தே?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமா சளைக்கவில்லை. பிரம்பு குச்சியில்லையாம், கொடியாம். காட்டு மரங்களை முள்ளால் பற்றிப் பற்றி உச்சிவரை ஏறுமாம். அடியில் வெட்டிவிட்டு ஆட்கள் கூடி ஏலேலோ போட்டு இழுத்தால், பிரம்புக்கு முன்னால் கட்டெறும்புதான் தலையில் கொட்டுமாம். இழுத்த பிரம்பையெல்லாம் சீன முதலாளி வாங்கிக் கப்பல் கப்பலாக ஏற்றுவாராம். கும்பகோணத்து நாற்காலிக் கடைக்காரர்கள் இதைக் கொத்திக்கொண்டு போவார்கள், பார் என்றார்.

அப்பாவின் காதில் எதுவும் ஏறவில்லை. அந்த வாரம் ஊரில் தேர். அறுப்புக் கூலியைப் போராடி உயர்த்திய தைரியத்தில், இந்த வருஷம் நாங்களும் வடம் பிடிக்கிறோம் என்று எங்கள் தெருவுக்காக அவர் போய்க் கேட்டிருந்தார். "கூலி கேட்ட வாயி இப்ப வடம் கேக்குதா?" என்று மிராசுதார் திருப்பி அனுப்பிவிட்டார். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் ஊர் வடத்துக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. அப்பா சோற்றைத் தொடவேயில்லை.

தேரன்று காலை, வாய்க்காலில் ஊறப்போட்டிருந்த ஒரு சுருளை மாமா பிரித்தார். அடேயப்பா, எங்கள் வாசலிலிருந்து தெருக்கோடிப் புளியமரம் வரைக்கும் ஒரே பிரம்பு! அதைக் கைவண்டியில் கட்டி, வண்டிக்கு அம்மாவின் சிவப்புச் சேலையைச் சுற்றினார். தேருக்குச் சாமி வேண்டாமா? என்னைத் தூக்கி உட்காரவைத்தார். சாமியே இல்லை என்று மேடையேறிப் பேசுகிற சித்தப்பாதான் தகர டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதலில் பிள்ளைகள் இழுத்தார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே சேர்ந்தார்கள், கிழவர்கள் சேர்ந்தார்கள். அப்பா மட்டும் வாசலிலேயே நின்றார். மாமா பிரம்பைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தார்.

"புடிங்க மச்சான். இது நான் காட்டுலேருந்து இழுத்தது. யாருகிட்டயும் கேக்க வேணாம்."

அப்பா பிடித்தார். சிரித்துக்கொண்டே இழுத்தவரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கானால் ஒரே பெருமை. ஒற்றைக் கையால் தள்ளினாலே ஓடுகிற வண்டிக்குத் தெருவே வேண்டியிருக்கிறது, அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது என்றால், நான் அவ்வளவு கனமான சாமி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.