ஐந்து முறைக்குக் குறைவான சொற்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. திங்கட்கிழமைதோறும் வாங்கும் பொதுமக்கள் மனுக்களை அதில் அடித்து ஏற்றினால், எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று அதுவே எண்ணித் தரும். மக்களின் குறையை இனி இயந்திரமே சொல்லிவிடும் என்றார் அதிகாரி. கண்காணிப்பாளராகிய நான் நடைமுறை வகுத்தேன்.

முதல் பட்டியலின்படி மக்களின் தலையாய குறை ‘ஐயா’. அடுத்தது ‘தாழ்மையுடன்’. வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களின் உபயம். இரண்டையும் நீக்கச் சொன்னேன். ஓரிரு முறை மட்டும் வந்த சொற்கள் அடியில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஐந்துக்குக் குறைந்தவை அச்சில் வர வேண்டாம், அந்த மனுக்களை ‘இதர’ என்று தனிக் கட்டாகக் கட்டி வைக்கலாம் என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன். எல்லோருக்கும் வேலை குறைந்தது.

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆபரேட்டர் பெண் ஒரு நாள் ஒரு மனுவோடு வந்து நின்றாள்.

“சார், சோழபுரத்து அம்மா ஒருத்தவுக. பருத்திக் காட்டுல கரண்டு கம்பி தலை ஒசரத்துக்குத் தொங்குதாம். ‘கம்பி’ ஒரே தடவைதான் வருது.”

“ஒரு தடவைன்னா எதுல போகும்?”

“இதர.”

“பொறவு என்கிட்ட ஏம்மா கொண்டு வாரே?”

“படிச்சிட்டேன் சார். அதான்.”

“படிக்கவா உன்னை வச்சிருக்கு?”

மனுவின் மூலையில் ‘இதர’ என்று நானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் களை பார்க்கப் போன அந்த அம்மாவின் கணவர், தொங்கிய கம்பியில் தோள் பட்டு வரப்பிலேயே செத்துப்போனார். அடுத்த திங்கட்கிழமை சோழபுரமே மனுவோடு திரண்டு வந்தது. பட்டியலில் முதலிடம் ‘கம்பி’. மூன்றாம் நாள் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்று அதிகாரி பாராட்டினார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார்.

“மனு குடுத்துட்டேன்னு நான் பொய் சொன்னேனாம், கொழுந்தன்மாரு ஏசுதாக. அதை நம்பித்தான் அவுக காட்டுக்குப் போனாகளாம். அந்தக் காயிதத்த மட்டும் குடுங்கய்யா, காட்டிட்டுத் தந்துருதேன்.”

‘இதர’ கட்டு என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. மனுவில் என் கையெழுத்தும் இருந்தது. ‘தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை’ என்பது விதிகளுக்கு உட்பட்ட பதில். அதைச் சொன்னேன். ஆபரேட்டர் பெண் தலை நிமிரவில்லை.

“இன்னொரு தடவ பாருங்கய்யா. செத்த நேரம் இருக்கேன்” என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மாலை அலுவலகம் பூட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.