பயம் காட்டாமல் விற்றவள்

செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது என்னோடு வேலை பார்த்த தேவகியின் தம்பி ஃபோனில் அழைத்தார். "கவிதாக்கா, எங்க அக்கா பூட்டாங்க. விடியக்காலைல நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் போயின. முந்தின நாள் மாலை, "நாளைக்கு மீன் குழம்பு எடுத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்.

மண்ணூர்பேட்டையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இணையத்தில் வெட் கிரைண்டர் விற்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. விற்பனைப் பக்கத்தை எழுதுவது நான். வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுப்பது மேனாம்பேட்டுத் தேவகி. பக்கத்தைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதுதான் என் வேலைக்கு அளவுகோல், கன்வெர்ஷன் என்போம். மனித மனத்தை எப்படி இசைய வைப்பது என்று பயிற்சி வகுப்பில் படித்ததையெல்லாம் அந்தப் பக்கத்தில் இறக்கியிருந்தேன். "மூன்று மட்டுமே மீதம்" என்று ஒரு வரி. சலுகை முடியப் பத்து நிமிடம் என்று ஓடும் சிவப்புக் கடிகாரம். குடோனிலோ பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கடிகாரமும் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மறுபடி பத்திலிருந்து ஓடும்.

ஒரு மதியம் தேவகி என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, கடிகாரம் ஓடுவதைப் பார்த்துப் பதறி, அளவைக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டாராம். "டைம் முடிஞ்சிடுச்சே, இனிமே மாத்தித் தர மாட்டீங்களா?" என்றார். கெஞ்சுகிற குரல். மாற்றித் தருகிறோம் என்றேன். ஃபோனை வைத்ததும் தேவகி என்னை ஏசவில்லை. "பயந்துகினு வாங்குனவங்க, பெட்டிய பிரிக்கிறப்பவே நம்மள திட்டிகினுதான் பிரிப்பாங்க. மறுபடி வருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளிடம் வேறு யோசனை இருந்தது. வாங்கத் தயங்குகிறவர்கள் ஃபோனில் கேட்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குழந்தை தூங்கும்போது ஓட்டலாமா, முதுகு வலிக்காரியால் கல்லைத் தூக்க முடியுமா, ரிப்பேர் என்றால் யார் வருவார்கள். என் பக்கத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. தன் வீட்டுச் சமையலறையிலேயே கிரைண்டரை ஓட்டிக் காட்டினாள். நான் வீடியோ எடுத்தேன். "சத்தம் கொஞ்சம் கீது, பொய் சொல்ல மாட்டேன். ஆறு பேர் இருக்கிற ஊட்டுக்கு இது பத்தாது" என்று அதிலேயே சொன்னாள்.

முதலாளி கொதித்தார். "நம்ம பொருளை நாமே குறை சொல்றதா?"

"ஒரு மாசம் உடுங்க சார். விக்கலன்னா என்னிய அனுப்பிடுங்க" என்றாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது என்பது எனக்குத் தெரியும்.

முதலாளி ஒப்புக்கொள்ள, கடிகாரத்தையும் "மூன்று மட்டுமே" வரியையும் எடுத்துவிட்டு வீடியோவைப் போட்டேன். முதல் வாரம் ஆர்டர் குறைந்தது. யாரிடமும் சொல்லாமல் கடிகாரத்தைத் திரும்பப் போட்டேன். மறுநாளே ஃபோனில் யாரோ அதைப் பற்றிக் கேட்க, அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் மேஜைக்கு வந்தாள்.

"பயந்துட்டியா, கவிதா?"

"ஆமா. உனக்கு வேலை போயிடுமேன்னு..."

"எனக்கும் பயந்தான். அதுக்குன்னு அவங்கள பயமுறுத்துவியா?"

கடிகாரத்தை எடுத்துவிட்டேன். முதலாளியிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை. மூன்றாவது வாரத்தில் ஆர்டர் ஏறத் தொடங்கியது. பாதியில் விட்டுப் போனவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பொருளைத் திருப்பி அனுப்புவதும் குறைந்தது. "அந்த அக்கா சொன்ன அளவு சத்தம்தான்" என்று ஒருவர் கருத்து எழுதியிருந்தார். அதை இரண்டு முறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மாதக் கடைசியில் முதலாளி அடுத்த பொருளின் வீடியோவுக்கும் அவளையே பேசச் சொன்னார்.

காரியம் முடிந்து அலுவலகம் திரும்பிய அன்று அவளுடைய ஃபோனை நான் எடுத்தேன். "தேவகி அக்கா இல்லீங்களா?" என்றது ஒரு குரல். லீவில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. இறந்துவிட்டார் என்றேன். எப்படி என்று கேட்டார், சொன்னேன். பிறகு, "கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லைங்க. மாவு நல்லா வந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

இப்போது எழுதுகிற ஒவ்வொரு வரியையும், ஒருவர் ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். சொல்ல நாக்கு கூசினால் அழித்துவிடுகிறேன். தேவகியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இதை வைத்துக்கொண்டே இந்தத் தொழிலில் தலைநிமிர்ந்து பிழைக்க முடியும் என்று காட்டியதற்கு, அவளுக்கு என் நன்றி.